ஊசி மாட்டிய இடம்

முகையூரில் நான் மைக் செட் வைத்திருந்த காலத்தில், ரெக்கார்டில் ஊசி மாட்டிக்கொள்வதைவிடப் பெரிய அவமானம் எனக்குக் கிடையாது. கீறலில் சிக்கி ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லும். புளியமரத்தில் கட்டிய குழாய் அதை நாலு ஊருக்குக் கேட்க வைக்கும்.

திரௌபதி அம்மன் திருவிழாவில் ஒரு நாள், எடுபிடிப் பையனைப் பெட்டியருகே உட்கார வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். பாதிச் சோற்றில் அந்தச் சத்தம். ஓடிவந்து பார்த்தால், ஊசியைத் தூக்காமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறான். "நல்லாத்தாண்ணே இருக்குது, இன்னும் கொஞ்சம் ஓடட்டுமே" என்றான். கூட்டத்துக்கு நடுவே நறுக்கென்று ஒரு குட்டு வைத்தேன்.

50 வருஷம் ஓடிவிட்டது. போன தையில் பெங்களூரிலிருந்து வந்த பேரன், இசை விழா ஒன்றில் டிஜே போட்ட டெக்னோவைத் திண்ணையில் வைத்துக் கேட்கச் சொன்னான். பல்லவி இல்லை, சரணம் இல்லை; தும் தும்மென்று ஒரே அடி. நடுவே இரும்பை உரசுகிற மாதிரி ஓர் இரைச்சல். "எங்கேயோ ஊசி மாட்டிக்கிச்சுடா" என்றேன். "அவசரப்படாதீங்க தாத்தா" என்றான். பத்து நிமிஷம் போன பிறகுதான் பிடிபட்டது. அடி அப்படியே நிற்க, அதன்மேல் ஒவ்வொரு ஒலியாக ஏறியது, இறங்கியது. ஒரு தட்டு முடியுமுன்பே அடுத்த தட்டின் வேகத்தை அதோடு சேர்த்து, ஒட்டுத் தெரியாமல் மாற்றுகிறார்கள். எங்களுக்கு வோல்டேஜ் இறங்கினால் பாட்டு இழுக்கும். அந்த வேகத்தையே கைக்குள் வைத்து வித்தை காட்டுகிறார்கள்.

1980களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கத்தில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற பள்ளித் தோழர்கள் வளர்த்த இசையாம் இது. அதைவிட என்னை உலுக்கியது சரண்ஜித் சிங்கின் கதை. பம்பாய் சினிமா வாத்தியக் கலைஞர். 1982இல் ரோலண்ட் மின்னணு இசைக்கருவிகளை வைத்துக்கொண்டு, மாறாத இயந்திரத் தாளத்தின்மேல் பத்து ராகங்களை வாசித்து இசைத்தட்டாக்கினார். பூபாளி, யமன், மால்கௌன்ஸ். நமக்கு மோகனம், கல்யாணி, ஹிந்தோளம். அன்று அதைச் சீந்த ஆளில்லை. 2010இல் நெதர்லாந்துக்காரர் ஒருவர் மறுபடி வெளியிட்டபோது உலகம் திரும்பிப் பார்த்தது. எழுபது வயதைத் தாண்டி ஐரோப்பிய மேடைகளில் அதை வாசித்துவிட்டு, 2015இல் மறைந்தார். கேட்கிற காதுக்காக 28 வருஷம் காத்திருந்த தட்டு அது.

எனக்கு அந்தக் காது இல்லாமலும் இல்லை. மேல்மலையனூர் அமாவாசை இரவில் பம்பையும் உடுக்கையும் ஒரே அடியை விடாமல் அடிக்க, மெய்மறந்து நின்றவன்தான் நான். அங்கே அந்த அடி மாறாமல் இருப்பதால்தான் சாமி வருகிறது. அதே அடி என் பெட்டியிலிருந்து வந்தபோது மட்டும் பழுதாகத் தெரிந்தது. அந்த எடுபிடிப் பையனுக்கு இந்தப் பேதம் தெரியவில்லை.

அந்தக் குட்டுக்குப் பிறகு அவன் என்னிடம் வேலைக்கு வரவில்லை. ஆனால் திருவிழா முடிந்த மறுநாள், விடியுமுன்பே வந்து, ஒயரையெல்லாம் சுருட்டிக் கட்டி, குழாயைத் துடைத்து, ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாக உறையில் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தான்.