கரையேறிய பூனை

வழிதவறி வந்த பசுவைப் பிடித்து வைத்திருப்பவன் அதற்குத் தீனி போட வேண்டும். வேலை வாங்கக் கூடாது. ஆனால் பால் கறந்துகொள்ளலாம். மடி கட்டிக்கொண்டால் மாட்டுக்குத்தானே கஷ்டம், கறப்பது அதன் நன்மைக்கே. 1765இல் வெளிவரத் தொடங்கிய தமது ஆங்கிலச் சட்ட விளக்க நூலில் வில்லியம் பிளாக்ஸ்டன் இந்த நியாயத்தைச் சிரிக்காமல் எழுதியிருக்கிறார். கறந்த பால் யார் வீட்டு அடுப்பில் காய்ந்தது என்று நாம் கேட்கவா வேண்டும்?

இடைக்கால இங்கிலாந்தில் சொந்தக்காரன் தெரியாத கால்நடை மன்னருக்கு உரியது. பல இடங்களில் அந்த உரிமையை மன்னர் உள்ளூர்ப் பிரபுவுக்குக் கொடுத்திருந்தார். மாடு பிடிபட்ட சேதியைத் தேவாலயத்திலும் அக்கம்பக்கத்துச் சந்தை ஊர்கள் இரண்டிலும் அறிவிக்க வேண்டும். ஓராண்டும் ஒரு நாளும் கழிந்து யாரும் தேடி வராவிட்டால் மாடு பிரபுவினுடையது. அந்த உபரியான ஒரு நாள் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மூச்சிரைக்க ஓடிவரும் யாரோ ஒரு குடியானவனை நினைத்துச் சேர்த்திருப்பார்களோ என்னவோ.

இந்தக் கணக்கில் அன்னப்பறவை சேர்த்தி. நாய், பூனை, கரடி, ஓநாய் சேர்த்தியில்லை. திருடன் ஓடுகிற ஓட்டத்தில் போட்டுவிட்டுப் போன பொருளும் மன்னருக்கே. திருடனைத் துரத்திப் பிடிக்காத சோம்பலுக்குப் பறிகொடுத்தவன் கட்டும் அபராதமாம் அது!

நிலத்தில் செல்லாக்காசான பூனைக்குக் கடற்கரையில் வந்த மவுசைப் பாருங்கள். முதலாம் எட்வர்டு காலத்து வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், 1275. கப்பல் உடைந்து ஒரு மனிதனோ நாயோ பூனையோ உயிரோடு தப்பிவிட்டால், அதைக் கேட்பாரற்ற கப்பலாகக் கருதக் கூடாது. சரக்கை ஓராண்டும் ஒரு நாளும் பத்திரப்படுத்தி, தனதென்று நிரூபிப்பவனிடம் ஒப்படைக்க வேண்டும். எதுவுமே தப்பவில்லையா? சரக்கு மன்னருக்கு, அல்லது அந்தக் கரையில் உரிமை பெற்ற பிரபுவுக்கு.

நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். என் புத்தி மட்டும் அந்தக் கரையைவிட்டு நகர மறுக்கிறது. மார்கழிக் குளிரில், பாறை இடுக்கில் கப்பல் பிளந்து கிடக்கிறது. திராட்சை மதுப் பீப்பாய்கள் உருண்டு வருகின்றன. பிரபுவின் காரியஸ்தன் விளக்கோடு நின்று ஒவ்வொன்றாக எண்ணுகிறான். ஆட்கள் யாரும் பிழைக்கவில்லை என்று உறுதியாகிவிட்டது. முகத்தில் துக்கம், மனதுக்குள் கூட்டல் கணக்கு. அப்போது பலகை ஒன்றிலிருந்து சொட்டச் சொட்ட நனைந்த பூனை இறங்கி, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, அவன் காலடியில் வந்து கத்துகிறது. அவ்வளவு பீப்பாய்களும் இப்போது அதன் மூச்சில் தொங்குகின்றன. அக்கம்பக்கத்தில் வேறு கண்கள் இல்லை. அவன் அதற்குப் பால் ஊற்றியிருப்பான் என்று நம்ப ஆசைதான். ஆனால் தப்பிப் பிழைத்த உயிரால் ஒருவனுக்கு நஷ்டம் என்று எழுதி வைத்துவிட்டு, அந்த ஒருவனையே கரையில் காவலுக்கும் நிறுத்தினால் என்ன நடக்கும்?

மனிதன், நாய், பூனை எல்லாம் வெறும் உதாரணங்களே என்று பின்னால் வந்த சட்ட மேதைகள் சமாதானம் சொன்னார்கள். எந்த உயிரும் கரையேறாவிட்டாலும், சரக்கு தன்னுடையதென்று காட்ட முடிந்தால் சொந்தக்காரனுக்குத்தான் என்று நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு தீர்ப்பளித்தது 1771இல். ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் பூனைகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1871இல், ஆங்கிலேயர் இந்தியாவுக்கென ஒரு கால்நடை அத்துமீறல் சட்டம் போட்டார்கள். பயிரை மேய்ந்த மாட்டைப் பவுண்டில், அதாவது மாட்டுப் பட்டியில், அடைப்பது அதன்படிதான். மீட்க ஆள் வராவிட்டால் ஏலம். ஆனால் போலீஸ்காரரோ பவுண்டுக் காவலரோ அந்த ஏலத்தில் மாட்டை நேராகவும் வாங்கக் கூடாது, மறைமுகமாகவும் வாங்கக் கூடாது என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. மைத்துனன் பெயரில் ஏலம் எடுக்கிற வித்தையை அந்தச் சட்டம் எழுதியவர்களுக்கு யாரோ நம்மாள்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.