கட்டங்களுக்குள் ஒரு கோட்டை

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது அதியமான்கோட்டை. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை நினைவூட்டும் பெயர் அது. அத்தகடூரைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை போரிட்டு வென்றான். அப்போரைப் பாடிய தகடூர் யாத்திரை முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சியுள்ளன. எந்த நாளில், எந்தப் பிழையால் காவல் குலைந்தது என்பதை இனி எவரும் கணித்துரைக்க இயலாது. சதுரங்கப் பலகையில் எழும் கோட்டைகளுக்கோ அக்கணிப்பு இன்று கைகூடியிருக்கிறது.

வலிமை குறைந்தவர் தம் காய்களைப் பகைவர் ஊடுருவ இயலாதவாறு நிறுத்திக்கொள்வதைச் சதுரங்க வல்லுநர்கள் கோட்டை என்றே அழைப்பர். இரண்டு அமைச்சர்களை ஒற்றைக் குதிரை எதிர்கொள்ளும் இறுதியாட்டத்தில், பலகையின் மூலையருகே அரசனும் குதிரையும் இணைந்து நிற்கும் அமைப்பொன்றைக் கிளிங், ஹார்விட்ஸ் என்னும் இருவர் 1851-இல் காட்டினர். அது தகர்க்கவியலாதது என நூற்றாண்டுக்கும் மேலாகச் சதுரங்க உலகம் நம்பியது.

யூனிக்ஸ் இயக்குதளத்தை உருவாக்கியோருள் ஒருவரான கென் தாம்சன், 1983-இல் அந்நம்பிக்கையைக் கணினியால் சோதித்தார். கணினி முன்னோக்கிச் சிந்திக்கவில்லை. முடிவிலிருந்து பின்னோக்கி நடந்தது. அரசன் வீழ்ந்த நிலைகள் யாவற்றையும் முதலில் குறித்துக்கொண்டது. ஒரே நகர்த்தலில் அவற்றை எட்டக்கூடிய நிலைகளை அடுத்துக் குறித்தது. பின்னர், எதிராளி எப்படி நகர்த்தினாலும் அவற்றில் சிக்கும் நிலைகளைச் சேர்த்தது. இவ்வாறு குறிக்க ஏதுமில்லாத வரை சென்றபின் எஞ்சியவை சமநிலை. கிளிங்கும் ஹார்விட்சும் கட்டிய கோட்டை அவ்வெச்சத்தில் இல்லை! காவலைக் கலைக்கலாம், வேறொரு மூலையில் அது மீண்டும் எழாமல் தடுக்கவும் செய்யலாம். அதற்கு மிகுதியாக 66 நகர்த்தல்கள் வேண்டும். காய் வெட்டோ காலாள் நகர்வோ இன்றி 50 நகர்த்தல்கள் கடந்தால் சமநிலை கோரலாம் என்பது விதி. இத்தகைய சில ஆட்டங்களுக்காக அவ்விதியைத் தளர்த்திய பன்னாட்டுக் கூட்டமைப்பு, பின்னர் அத்தளர்வைக் கைவிட்டது.

2012-இல் மாஸ்கோவின் லொமனோசோவ் மீக்கணினி, ஏழு காய்கள் வரையிலான நிலைகளைக் கணித்து முடித்தது. அத்தொகுப்பின் அளவு ஏறத்தாழ 140 டெராபைட். அதில் 549 நகர்த்தல்களில் வெற்றி காணும் நிலையொன்றும் உண்டு. அந்நகர்த்தல்களுள் பெரும்பாலானவற்றின் நோக்கத்தைப் பெருவீரர்களாலும் விளக்க முடிவதில்லை. எது சரி என்று தரவுத்தளம் கூறும். ஏன் என்று கூறாது. அதனை அறிவு என்பதைவிடப் பிழையற்ற நினைவு என்பதே பொருந்தும்.

போட்டி மேடையில் அந்நினைவை நாட எவருக்கும் அனுமதியில்லை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக வாகையர் போட்டியின் பதினான்காம் ஆட்டம் நடைபெற்றது. சமநிலையை நோக்கிச் சென்ற அவ்வாட்டத்தின் 55-ஆம் நகர்த்தலில் டிங் லிரென் தம் யானையை இடம்மாற்றினார். யானைகளையும் அமைச்சர்களையும் வெட்டி மாற்றிவிட்டால் மிஞ்சுவது அரசர்களும் சில காலாட்களும் மட்டுமே. அம்முடிவு தரவுத்தளத்தில் முன்பே எழுதப்பட்டது. சென்னையின் பதினெட்டு வயது குகேஷ் அதனைத் தம் மனத்தில் எழுதிப் பார்க்க வேண்டியிருந்தது. நாற்காலியில் நிமிர்ந்து, ஒருமுறை நீர் அருந்திவிட்டு, யானையால் யானையை வெட்டினார்.