மழலையும் திருப்பலியும்

ஈராண்டு நிரம்பாத குழந்தையைத் திருப்பலிக்கு அழைத்துச் செல்வது முறையா என்னும் வினாவை எமது பள்ளிப் பெற்றோர் அடிக்கடி எழுப்புகின்றனர். குழந்தை அழும், ஓடும், யாவரும் மௌனமாயிருக்கும் வேளையில் உரக்கப் பேசும். அருகிருப்போர் திரும்பிப் பார்ப்பர். இவ்வாறு இரண்டொரு ஞாயிறு கழிந்தபின், 'பிள்ளை வளரட்டும்' என்று வீட்டிலேயே தங்கிவிட்ட இளந் தம்பதியரை இந்த நியூ ஜெர்சியில் நாம் அறிவோம்.

தாயகத்தில் இவ்வினா எழுந்து நாம் கேட்டதில்லை. மன்னார் மாவட்டத்து மடுத் திருத்தலத்துக்கு ஓகஸ்ட் 15 பெருவிழாவின்போது கத்தோலிக்கரும் சைவரும் கைக்குழந்தைகளுடனேயே சென்று, மரநிழலில் கூடாரமிட்டுத் தங்குவர். ஒல்லாந்தர் காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து காடு நோக்கிப் பெயர்ந்த குடும்பங்கள் அன்னையின் திருச்சொரூபத்தைச் சுமந்து சென்றன என்பது அத்தலத்தின் வரலாறு. 1990களில் ஆயிரக்கணக்கான அகதிகள் அவ்வளாகத்தில் தஞ்சம் புகுந்தனர். 1999 நவம்பரில் அங்கு எறிகணை வீழ்ந்து மாண்டோருள் குழந்தைகளும் இருந்தனர். அத்தகைய மண்ணிலிருந்து வந்த எமக்கு, வழிபாட்டின் நடுவே எழும் மழலைக் குரல் இடையூறாகத் தோன்றுவதில்லை.

இந்நாட்டு ஆலயங்களின் அமைப்பு வேறு. எமது ஊர்களில் நிலத்தில் விரித்த பாயில் தாயின் மடியிலிருந்து அடுத்த ஆச்சியின் மடிக்குக் குழந்தை தவழ்ந்து செல்லும். இங்கோ வரிசையாக மர வாங்குகள். பல ஆலயங்களில் அழும் குழந்தைகளுக்கெனக் கண்ணாடித் தடுப்புள்ள அறையும் உண்டு. சிறிது நேரம் ஆற்றுவதற்கு அவ்வறை உதவும். ஆயின், முழு நேரமும் அங்கேயே இருக்கும் குழந்தைக்குத் திருப்பலி தொலைக்காட்சிப் படம்போல் ஆகிவிடும்.

சிறுவருடனான திருப்பலி பற்றி வத்திக்கான் 1973இல் வெளியிட்ட வழிகாட்டி, மிகச் சிறு குழந்தைகளைத் தனியிடத்தில் பராமரித்து, இறுதி ஆசீருக்கு உள்ளே அழைத்து வரலாம் என்கிறது. குழந்தைகளைக் கொணர்ந்தோரைச் சீடர் அதட்டியபோது, இயேசு சீடரையே கடிந்து, குழந்தைகளை அணைத்து ஆசீர்வதித்தார் என்று நற்செய்தி கூறுகிறது.

தமிழாசிரியர் என்ற முறையில் எமக்கு மற்றொரு கவலையும் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–1965) முன் இலத்தீனில் நிகழ்ந்த திருப்பலி, அதன்பின் எமது மொழிக்கு வந்தது. இங்கு வளரும் குழந்தை வீட்டில் கேட்பது தாய் தந்தையரின் தமிழை மட்டுமே. நூறுபேர் ஒருமித்து ஒரே சொற்களைத் தமிழில் சொல்வதை அது வேறெங்கு கேட்கும்? பொருள் விளங்குமுன் ஓசை பதிகிறது. மழலைப் பருவந்தொட்டுத் தமிழ் வழிபாட்டில் அமர்ந்த பிள்ளைகள், அது திருப்பலியாயினும் தேவாரமாயினும், எமது வகுப்பில் ழகரத்துக்கும் ளகரத்துக்கும் அதிகம் தடுமாறுவதில்லை. பொருளை விளக்குவது பள்ளியின் கடன்.

ஆகவே பெற்றோருக்குச் சில சொல்வோம். பின்வரிசையில் ஒளியாதீர், அங்கிருந்து குழந்தை காண்பது முதுகுகளையே. முன்னே அமர்ந்தால் மெழுகுதிரியையும் குருவின் கைகளையும் காணும். பசியும் உறக்கமும் தீர்த்து அழைத்து வருக. ஓசையெழுப்பும் விளையாட்டுப் பொருள் வேண்டா. அழுதால் வெளியே கொண்டு சென்று, அமைதியுற்றதும் திரும்புக; வெளியே விளையாட விட்டால், அழுகையே வெளியேறும் வழியென்று கற்றுக்கொள்ளும். இப்பணி தாய்க்கு மட்டும் உரியதன்று. தந்தையரும் முறைவைத்துச் செய்க. பெரியோர், திரும்பிப் பார்க்கும்போது புன்முறுவலுடன் பார்ப்பாராக.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. அடுத்த தமிழ்த் திருப்பலியில் தம்பி தங்கையரை மடியில் இருத்தி, பிஞ்சு விரல்களைப் பிடித்துச் சிலுவை அடையாளம் வரையக் கற்றுக்கொடுங்கள். தந்தை, மகன், தூய ஆவி என்று தமிழிலேயே சொல்லிக்கொடுங்கள்.