கிழித்த காகிதத்தில் இரவு

“கறுப்பு மட்டும் தொடறதில்லம்மா. கறுப்பை ஒட்டினா வானம் செவுரு மாதிரி நின்னுடும். உள்ள போகாது” என்றார் மேசையின் தலைமாட்டில் இருந்த அக்கா.

புதுச்சேரியிலிருந்து ஆரோவில் போகும் வழியில் ஓடு வேய்ந்த ஒற்றைக் கூடம். நான்கு பெண்களும் ஓர் இளைஞரும் காகிதத் துண்டுகளை ஒட்டி இரவு வானத்தைச் செய்கிறார்கள். முதலில் அடர்நீலம், அதன்மேல் கத்தரிப்பூ நிறத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய தாள், அதற்கும் மேல் கரும்பச்சை. மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் இருட்டு பிறக்கிறது. அடிவானத்தை நெருங்க நெருங்க ஒவ்வொரு தாளாகக் குறைத்து வெளிச்சம் விடுகிறார்கள்.

தாள் இந்த ஊர்ச் சரக்கு. அரவிந்தர் ஆசிரமம் 1959-இல் கைக்காகிதக் கூடம் தொடங்கியதிலிருந்து புதுச்சேரிக்கு இந்தத் தொழில் பழக்கம். மரம் வெட்டுவதில்லை. பனியன் துணியின் வெட்டுத்துண்டுகளைத் தண்ணீரில் அடித்துக் கூழாக்கி, சல்லடையில் அள்ளி, அழுத்தி, உலர்த்துகிறார்கள். ஒட்டுப்பட வேலைக்கு விளிம்பில் கழித்த துண்டுகளே போதும். எடைக்கு வாங்கி வருகிறார்கள்.

கிழிப்பதில்தான் முழு வித்தை. இயந்திரத் தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும்; அந்தப் பக்கம் நேராகக் கிழியும், குறுக்கே இழுத்தால் பிசிறடிக்கும். கைக்காகிதத்தில் சல்லடையை இருபுறமும் ஆட்டி அள்ளுவதால் நார்கள் பின்னிக் கிடக்கின்றன. விரல் போன பாதையில் கிழிகிறது. மேலாகச் சாயம் பூசிய தாளைக் கிழித்தால் விளிம்பில் வெள்ளை தெரியும், பால்வீதிக்கு அது. கூழிலேயே சாயம் கலந்த தாளில் விளிம்பும் அதே நிறம், மலைக்கு அது. நெபுலாவின் புகைக்கு, ஈரத் தூரிகையால் கோடு போட்டு, ஊறியதும் மெல்லப் பிரிக்கிறார்கள். நார்கள் முடி முடியாக நீண்டு வருகின்றன. எவ்வளவு கூர்மையான கத்தரியும் அந்த விளிம்பைத் தராது.

பசை, மைதாவைக் காய்ச்சியதுதான். ஈரத்தில் தாள் விரியும், காயும்போது சுருங்கி அட்டையை வளைத்துவிடும். அதனால் பின்புறமும் ஒரு தாள் ஒட்டிப் பாரம் வைக்கிறார்கள்.

நட்சத்திரங்களை மேலே ஒட்டுவதில்லை. இருட்டுத் தாளில் ஊசியால் துளையிட்டு, அடியில் நிறத்துணுக்கு வைக்கிறார்கள். திருவாதிரைக்கு ஆரஞ்சு, அதே வேட்டைக்காரன் கூட்டத்தின் கால் பக்கத்து ரீகலுக்கு நீலம் கலந்த வெள்ளை. மார்கழி இரவில் மொட்டைமாடியில் நின்று பார்த்தால் இந்த நிறபேதம் வெறுங்கண்ணுக்கே தெரியும். கார்த்திகைக்கு ஆறு துளை. வெளிநாட்டிலிருந்து கேட்பவர்கள் ஏழு கேட்கிறார்களாம். “ஆறுதாங்க என் கண்ணுக்குத் தெரியுது” என்கிறார் அக்கா.

ஓவியர் மத்தீஸ் முதுமையில் உதவியாளர்களைத் தாளில் வண்ணம் பூசச் சொல்லி, அதைக் கத்தரியால் வெட்டிப் படம் செய்தார். அவருக்குத் துணைநின்ற லிதியா தெலெக்தோர்ஸ்கயாவின் பெயரைக் கலை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. இங்கே படச்சட்டத்தின் பின்புறம், விற்கும் கடையின் முத்திரை மட்டும். கிழித்தவர் பெயரும் அங்கே இருக்க வேண்டும். அதற்கு ஒரு பென்சில் போதும்.

இப்போது வந்திருக்கும் ஆர்டர் தென்சிலுவை. மீனவர் வீட்டுப் பிள்ளையான அந்த இளைஞர் கடலில் அதைப் பார்த்தவர். “சித்திரை, வைகாசி ராத்திரியில தெக்கால தாழ நிக்கும்க்கா, மேல ஏறாது” என்றார். சரிதான், புதுச்சேரியிலிருந்து அது அடிவானத்துக்கு மேல் சுமார் 20 பாகையைத் தாண்டுவதில்லை. வந்த மாதிரிப் படத்திலோ அது உச்சியில் இருந்தது. நம்ம ஊர் வானத்தில் இருக்கிறபடி இறக்கி வைக்கலாமா என்று கேட்டுக் கைபேசியில் செய்தி அனுப்பிய அக்கா, பதில் வருமுன்பே அடிவானத்துக்கான வெளிர்நீலத்தைக் கிழிக்கத் தொடங்கிவிட்டார்.