பிழை சொன்னவர்கள்

15 ஏப்ரல் 2025, செவ்வாய்

புத்தாண்டுக்கு மறுநாள். காலி வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. வெள்ளவத்தையில் பாதிக் கடைகள் இன்னும் திறக்கவில்லை. ஊருக்குப் போகாதவர்களும் போவதற்கு ஊரில்லாதவர்களும் மட்டும் மிஞ்சியிருக்கிறோம். பால்மாவுக்காக மூன்று கடை ஏறி இறங்கி வீடு திரும்பியபோது தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம்.

“தம்பி, பேப்பரிலை கொட்டாஞ்சேனையைப் பற்றி எழுதினது நீங்களோ?”

“ஓம் ஐயா.”

“பொன்னம்பலவாணேசர் கோயிலை இராமநாதன் கட்டினதெண்டு போட்டிருக்கிறியள். கட்டினது தகப்பன். மகன் கல்லிலை திருப்பிக் கட்டினவர். ஒருக்கா வந்து பாருங்கோவன்.”

வைத்துவிட்டார். பெயரைக் கேட்க மறந்துபோனேன்.

கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. 600 சொல்லுக்குள் அடக்கும் அவசரத்தில் ஒரு வரியில் ஒரு தலைமுறையை விழுங்கியிருக்கிறேன். பத்திரிகையில் சம்பளத்துக்கு இருப்பவனின் பிழை உதவி ஆசிரியர், ஒப்புநோக்குநர் என்று நாலு பேருக்குப் பிரிந்துபோகும். என்னைப் போல வீட்டிலிருந்து சுயாதீனமாக எழுதுகிறவனுக்குக் காசு அரைவாசி வந்தாலும் பிழை முழுசாக வந்து சேரும்.

16 ஏப்ரல், புதன்

விடிய ஐந்தரைக்கு, வாய்க்கால் கடலில் விழுகிற இடத்துக்குப் போனேன். மின்கம்பியில் வரிசையாக இருந்து தும்பி பிடித்த நீலவால் பஞ்சுருட்டான்களில் ஒன்றுகூட இல்லை. வடக்கே புறப்பட்டுவிட்டன. கடைசியாக எப்போது கண்டேன் என்று குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினால் அந்த வாரமே வெறுமையாகக் கிடக்கிறது. வலசைப் பறவை வந்த நாளைக் குறிப்பது லேசு. முதலாவதைக் கண்டதும் எழுதிவிடலாம். போன நாளைக் குறிக்க வேண்டுமென்றால், இல்லாத நாளிலும் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

தண்ணீரில் நீளமாக ஏதோ அசைந்தது. முதலை என்று கமராவைத் தூக்கினேன். 2022 ஜனவரியில் தெகிவளைக் கடலில் சுழியோடி ஒருவரை முதலை கொன்றதிலிருந்து இந்தக் கரையில் எல்லோருக்கும் அதே நினைப்புத்தான். தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“கிம்புலெக் நெவெய் மாத்தையா. கபரகொயெக்.”

முதலையில்லை, நீருடும்பு. முதலையென்றால் கண்ணும் மூக்கு நுனியும் மட்டுந்தான் வெளியே தெரியும், இது கழுத்தைத் தூக்கிக்கொண்டு நாக்கை நீட்டும் என்று தன் கழுத்தையே நீட்டிக் காட்டினார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நாக்கை நீட்டியது.

மா. கிருஷ்ணன் நினைவுக்கு வந்தார். சந்தூர் சமஸ்தானத்து உத்தியோகத்துக்குப் பிறகு பேனாவையும் கமராவையும் நம்பிச் சென்னையில் வாழ்ந்தவர். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை 46 வருடம் இயற்கைப் பத்தி எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு வீட்டுப்பக்கத்துக் காகத்தையும் ஆட்டையும் எழுதினார். எனக்கு வாய்க்கால் இருக்கிறது. ஒரு வாரம் போகாமல் விட்டிருக்கிறேன்.

17 ஏப்ரல், வியாழன்

ஓர் ஆசிரியரிடமிருந்து வட்ஸ்அப்: “மன்னார். 1,200 சொல். திங்கட்கிழமைக்குள். பூநாரைப் படம் கட்டாயம்.” பயணச் செலவைப் பற்றிப் பேச்சில்லை. போன கட்டுரைக்கான காசைப் பற்றியும் பேச்சில்லை.

வங்காலையில் பூநாரைகள் கூட்டமாக நிற்பது மாரிக்காலத்தில். 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம் அது. இப்போது போனால் வெயிலையும் உப்பையும்தான் படம் பிடிக்கலாம். போகாமலே எழுதவும் முடியும். மன்னாரைப் பற்றிப் பழைய கட்டுரைகள் மூன்று கைவசம் இருக்கின்றன, பள்ளிமுனைப் பெருக்க மரம் மூன்றிலும் வருகிறது. வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதற் கட்டுரையில், “அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது.” இரண்டாவதில், “அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாம்.” மூன்றாவதில், “அரபு வணிகர்கள் கொண்டுவந்தது.” மரத்தைப் பற்றி இடையில் நான் புதிதாக எதுவும் அறியவில்லை. பக்கத்தில் இடம்தான் குறைந்தது. கர்ணபரம்பரைக் கதையொன்றை மூன்று வெட்டில் வரலாறாக்கியிருக்கிறேன். இதற்கு யாரும் தொலைபேசி எடுக்கவில்லை.

“இப்ப பூநாரை இல்லை. மரத்தையும் மன்னார்க் கழுதைகளையும் பற்றிப் போய்ப் பார்த்து எழுதித் தரட்டுமா? இரண்டு வாரம் வேணும்” என்று பதில் போட்டேன். நீலக் குறி இரண்டும் விழுந்தன. மறுமொழி இல்லை.

19 ஏப்ரல், சனி

100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து நடந்தேன். செட்டியார் தெருவில் நகைக்கடைகளுக்கு நடுவே இரண்டு கதிரேசன் கோயில்கள். ஆடிவேல் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும் தெரு இது. ஜிந்துப்பிட்டியைத் தாண்டிக் கொச்சிக்கடைக்கு வந்தால், அந்தோனியார் கோயில் வாசலில் மெழுகுதிரி விற்பவர்களும் துவக்கோடு நிற்பவர்களும். நாளை உயிர்த்த ஞாயிறு.

பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் அறுந்தது. கருங்கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது. விளக்கொளிக்குக் கண் பழகிய பிறகுதான் தூண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. 1907இல் தொடங்கி 1912இல் நிறைவேறிய வேலை. வாசலில் பூ விற்ற அம்மாவிடம் கேட்டேன், “கல்லுக்கு முதல் இருந்த கோயில் எப்பிடி இருந்ததாம்?”

“அது ஆருக்குத் தெரியும் தம்பி? நாங்கள் பிறந்ததிலையிருந்து இந்தக் கல்லுத்தான்.”

என் பிழை எங்கே பிறந்தது என்பது அப்போது விளங்கியது. தகப்பன் கட்டியது கண்ணுக்குத் தெரியாது. அதன் இடத்திலேயே மகனின் கல் எழுந்து நிற்கிறது. தெரிவதை மட்டும் பார்த்துவிட்டு எழுதப் போனால் மகன் பெயர்தான் பேனாவில் வரும். இதற்கு முன்னும் நாலைந்து தடவை இங்கே வந்து கும்பிட்டிருக்கிறேன், படமும் எடுத்திருக்கிறேன். அந்த அம்மாவிடம் கேட்ட கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை.

20 ஏப்ரல், ஞாயிறு

எஸ். முத்தையா காலமாகி இன்றோடு ஆறு வருடம். கொச்சிக்கடையில் குண்டு வெடித்து நாளையோடு ஆறு வருடம். 2019இல் இரண்டும் அடுத்தடுத்த நாட்கள். அந்த ஞாயிறு மற்ற எல்லாச் செய்தியையும் மூடிவிட்டதால் அவருடைய மறைவு எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆயிற்று.

பள்ளத்தூரில் பிறந்து, கொழும்பில் ‘டைம்ஸ் ஒஃப் சிலோன்’ பத்திரிகையில் 1951இலிருந்து வேலை பார்த்து, 1968இல் சென்னைக்குப் போனவர். எழுதியது ஆங்கிலத்தில். போன நகரத்தைத் தெருத்தெருவாகப் படித்து 1981இல் ‘மெட்ராஸ் டிஸ்கவர்ட்’ நூலையும், 1991இல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழையும் கொண்டுவந்தார். ‘இந்து’வில் 1999இலிருந்து அவர் எழுதிய பத்தியில் நான் முதலில் வாசிப்பது கடைசிப் பகுதியைத்தான். தபால்காரர் கதவைத் தட்டியபோது என்ற பொருளில் தலைப்பிட்டு, வாசகர்கள் சுட்டிய பிழைகளையும் சேர்த்த தகவல்களையும் அங்கே போடுவார். போன வாரம் எழுதியதை இந்த வாரம் தானே திருத்துவார். நடுவயதில் வந்து சேர்ந்த நகரம் அவருக்குச் சொந்தமானது அந்தக் கடிதங்களாலும்தான் என்று நினைக்கிறேன்.

திருத்தத்துக்குக் காசில்லை. இருந்தும் எழுதினேன்: “பொன்னம்பலவாணேசர் கோயிலை முதலில் கட்டுவித்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் தந்தையார். இராமநாதன் அதைக் கருங்கல்லில் திருப்பிக் கட்டுவித்தார். தவறுக்கு வருந்துகிறேன்.” அனுப்புவதற்கு முன் செவ்வாய்க்கிழமை வந்த இலக்கத்துக்கு எடுத்து வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார்.

“எல்லாம் சரி. ஆனா தகப்பனுக்கும் ஒரு பேர் இருக்குது, தம்பி.”

‘தந்தையார்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘பொன்னம்பல முதலியார்’ என்று சேர்த்தேன். பிறகு கேட்டேன், “உங்கடை பேர் என்ன ஐயா?”