பாட்டியின் கடைசி மரம்

சென்ற விடுமுறையில் தோழியருடன் மலாக்கா சென்றபோது, காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டிக்கும் போனோம். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்து தங்கிய தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் வாழும் கிராமம் அது. பேசுவது மலாய், கும்பிடுவது நம் தெய்வங்களை. அங்குள்ள சிறிய அருங்காட்சியகத்தில் உடைகளும் பாத்திரங்களும் பழைய படங்களும் இருந்தன. வீட்டில் புழங்கிய பொருள்களைக் கொண்டே ஒரு சமூகம் தன் கதையைச் சொல்கிறதே என்று வியந்தேன்.

நம் தோட்டத்துக் கதையை எதைக் கொண்டு சொல்வது? 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டு, மலாயாவின் வணிக ரப்பர் தோட்டங்களுக்கு முன்னோடியானார். அதே மாநிலத்தில், ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் என் பாட்டி முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டினார். இன்று அங்கே செம்பனை நிற்கிறது. பாட்டியின் உளியும் மங்கும் காண்டாக்கம்பும் போன இடம் தெரியவில்லை.

மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் மட்டும் நாலைந்து கிழட்டு ரப்பர் மரங்கள் மிஞ்சியிருந்தன. ஓவியத்தாளும் கரித்துண்டும் எடுத்துக்கொண்டு போனேன். பட்டையின் மேல் தாளை விரித்துக் கரியால் தேய்த்தேன். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரியும் பழைய வெட்டுத் தடங்கள் மெல்ல எழுந்து வந்தன. பன்னிரண்டு தாள்கள் ஆயின.

வீட்டில் அவற்றைப் பரப்பியதும் பாட்டி கண்ணாடியைத் தேடினார். பள்ளிக்கூடமே போகாத பாட்டி, தாள்களை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார்!

“பால் போற குழாய் மரத்துக்குள்ள வலப்பக்கமா சாஞ்சு ஏறும். அதான் நாம எதிர்ப்பக்கம் சரிச்சு வெட்டுறது. அப்பத்தான் நிறைய குழாய் அறுபடும்” என்றார். ஒரு தாளில் புடைப்பாக இருந்த இடத்தில் அவர் விரல் நின்றது.

“இது கோயிலுக்கு ஒட்டுன மரந்தானே? என் நிரையில கடைசி மரம். ஆனா இந்தக் காயம் என் கை இல்லம்மா. உளி கட்டை வரைக்கும் இறங்கிருச்சு. அப்படி இறங்குனா பட்டை சமமா வளராது, முண்டு விழும்.”

“அப்போ யாரு பாட்டி?”

“உங்க தாத்தா. உங்கம்மா பொறந்த மாசம் என் நிரையையும் அவர்தான் வெட்டினாரு. ரெண்டு பேர் வேலை, ஒத்த ஆளு. விடியறதுக்குள்ள முடிக்கணும்னு அவசரம். கங்காணிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு.”

நான் பிறக்கும் முன்பே தாத்தா இறந்துவிட்டார். வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை. என் கரித்தாளில் இருந்தது அவர் கை.

தாள்களை நூலால் தைத்து ஏடாக்கினேன். ஒவ்வொன்றின் கீழும் பாட்டி சொல்லச் சொல்ல எழுதினேன். அந்தத் தாளுக்கு மட்டும் அவர் வெகுநேரம் யோசித்தார்.

“அவசரமா வெட்டினது. கோவிச்சுக்க வேணாம்னு எழுதும்மா.”

அப்படியே எழுதினேன்.

நண்பர்களே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு தாளும் கரித்துண்டும் கொண்டுபோங்கள். தேய்த்ததை வாசித்துச் சொல்ல இன்னும் ஆள் இருக்கும்போதே போங்கள்.