கடல் கடந்தும் கல்லூரி



மணமுடித்துக் கணவருடன் வளைகுடா நாடுகளுக்குக் குடிபெயர்ந்த நம் பெண்மக்களில் பலர், பிளஸ் டூவுடனோ பாதிக் கல்லூரியுடனோ படிப்பை நிறுத்தியவர்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் அவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "விட்ட படிப்பை இங்கிருந்தே தொடர முடியுமா?" ஷார்ஜாவில் பதினோரு ஆண்டுகளாகக் குடும்பம் நடத்திவரும் நான், முடியும் என்றே விடை கூறுவேன். ஆயினும் அந்த விடைக்குள் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றை அறிந்து இறங்குவதே நலம்.

இணையத்தில் ஒரு பாடத்தைக் கற்று முடித்ததும் கிடைக்கும் சான்றிதழ் வேறு; கல்லூரிக் கணக்கில் ஏறும் கிரெடிட் வேறு. ஒரு பாடத்திற்கு நாம் செலவிட்ட உழைப்பையும் தேர்வில் பெற்ற வெற்றியையும் சேர்த்துப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் அளவே கிரெடிட். கடைக்காரரின் பற்றுவரவு நோட்டில் ஏறாத பணம், கொடுத்த பணமாகக் கணக்கில் வராது அல்லவா? பல்கலைக்கழக ஏட்டில் ஏறாத படிப்பும் அவ்வாறே பட்டத்திற்கு உதவாது. (அறிவுக்கு உதவும், அது வேறு செய்தி.)

இந்திய அரசு 2017ஆம் ஆண்டு தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தில் பாடங்களை இலவசமாகக் கற்கலாம். ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை அதன் வழியாகக் கற்றதை ஏற்கலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி வகுத்தது. 'ஏற்கலாம்' என்பதைக் கவனியுங்கள். உங்கள் கல்லூரி ஏற்குமா என்பதைப் பாடத்தில் சேருமுன்பே எழுத்து மூலம் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். மேலும், அதன் இறுதித் தேர்வை இந்திய நகரங்களிலுள்ள மையங்களுக்கு நேரில் சென்று எழுத வேண்டும். விமானக் கட்டணத்தை எண்ணிப் பாருங்கள். இலவசப் படிப்பு இலவசமாக இராது!

தேர்வு மையம் எங்கே என்பதுதான் நம் போன்றோருக்கு உயிரான கேள்வி. இது புதிய தொல்லையும் அன்று. தில்லிப் பல்கலைக்கழகம் 1962லும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981லும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. தொண்ணூறுகளில் தம்மாமில் வேலை பார்த்த என் காக்கா அவ்வாறு பி.காம். சேர்ந்தார். பாடப் புத்தகங்கள் ஊருக்கு வந்து, ஊரிலிருந்து வருவோர் பெட்டியில் அவரிடம் போய்ச் சேரும். இரவெல்லாம் கண்விழித்துப் படித்தார். தேர்வு மாதத்தில் விடுமுறை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டும் கிடைக்கவில்லை. அப்புத்தகங்கள் இன்றும் எங்கள் உம்மாவின் பீரோவில் உள்ளன.

அதனால்தான் சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பைப் பற்றிக் கேள்வியுற்றபோது, நான் முதலில் விசாரித்தது பாடத்தையன்று, தேர்வு மையத்தை. அமீரகத்திலேயே மையம் உண்டு என்று அறிந்த பின்னரே மச்சானிடம் வாய் திறந்தேன். "உனக்குக் கணக்கு வருமா?" என்றார். "வீட்டுக் கணக்கை யார் பார்க்கிறார்கள்?" என்றேன். அத்துடன் அப்பேச்சு முடிந்தது.

நுழைவதற்குத் தகுதித் தேர்வு உண்டு. நான்கு வாரம் அவர்களே பாடம் நடத்தி, அதிலேயே தேர்வு வைக்கிறார்கள். அடிப்படை நிலையில் எட்டுப் பாடங்கள், 32 கிரெடிட்டுகள். பி.எஸ்சி.க்கு 114, நான்காண்டுப் பட்டத்திற்கு 142. இடையில் நின்றாலும் அந்தந்த நிலைக்குரிய சான்றிதழோ டிப்ளமாவோ உண்டு. ஆண்டுக்கு மூன்று பருவங்கள். எடுக்கும் பாடங்களுக்கு மட்டுமே கட்டணம். ஒரு பாடத்திற்கு வாரம் பத்து மணி நேரம் வேண்டும். பஜ்ரு தொழுத பின் பிள்ளைகள் எழும்வரை ஒன்றரை மணி, அவர்கள் பள்ளி சென்றபின் இரண்டு மணி என்று நான் ஒதுக்கினேன். இந்தியாவில் இரவு எட்டு மணிக்கு வகுப்பென்றால் இங்கே ஆறரை. அடுப்பு வேலையும் அதே நேரம். பதிவு செய்த பாடங்கள் இல்லையேல் என் கதை அன்றே முடிந்திருக்கும். தேர்வுகள் ஞாயிற்றுக்கிழமை. 2022 முதல் இங்கே ஞாயிறும் வார விடுமுறையானது எனக்கு வாய்த்த வசதி; அன்று பிள்ளைகள் மச்சான் பொறுப்பு. பருவத்திற்கு இரண்டு பாடங்கள் வீதம் எடுத்து, மாமியாரின் அறுவை சிகிச்சைக்காக ஒரு பருவம் நிறுத்தி, 32ஐ முடித்துவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ். இன்னும் நெடுந்தூரம் உண்டு.

எங்கள் கட்டடத்தில் வசிக்கும் ஒரு சகோதரியின் தம்பிக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். தேர்வே இல்லாமல் ஓராண்டில் பட்டம் என்று ஒரு தரகர் கூற, மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்தார். அழகான தாள் வந்தது. அவருடைய நிறுவனம் அதை ஏற்கவில்லை. தரகரின் தொலைபேசியும் பின்னர் ஒலிக்கவில்லை. மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம், பொறியியல் பட்டங்களை முழுமையாக இணையவழியில் நடத்த மானியக் குழு அனுமதிப்பதில்லை. எவரேனும் அவ்வாறு விற்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஏனைய படிப்புகளுக்கு, அப்பல்கலைக்கழகம் அந்தப் பருவத்திற்கு அனுமதி பெற்றதா என்பதைக் குழுவின் பட்டியலில் நீங்களே பாருங்கள்.

பாதியில் கல்லூரியை விட்டு வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021இல் கிரெடிட்டுகளைச் சேமிக்கும் வங்கி ஒன்று இந்தியாவில் ஏற்படுத்தப்பட்டது. சேர்ந்தவை பொதுவாக ஏழாண்டு வரை செல்லும். உங்கள் பழைய கல்லூரி அதில் இணைந்துள்ளதா என்று கேளுங்கள். எதற்கும், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மதிப்பெண் பட்டியல்களையும் மாற்றுச் சான்றிதழையும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.